கள்ளியிடம் கற்ற தண்ணீர்க் கணக்கு

2021 ஐப்பசியில் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி மட்டை 200 வாங்கி நட்டேன். கார்த்திகை முடிவதற்குள் 130 மட்டை அழுகிப் போச்சு. வறட்சியில் ஆடுகளுக்குத் தீவனமாகும் என்று நம்பி வாங்கியது. கள்ளி சாகும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் பக்கத்துக் கொறங்காட்டில் ஆடு மேய்க்கும் பெரியவர் வந்து பார்த்தார். கரிசல் மண், அடைமழை, அது போதாதென்று சொட்டுநீர்க் குழாய். எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏனுங்க தம்பி, கள்ளிக்குப் போயி யாராச்சும் தண்ணி கட்டுவாங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வங்கியில் 34 வருசம் மற்றவர்கள் கணக்கைச் சரிபார்த்தவன், ஒரு செடியின் வரவு செலவு தெரியாமலே முதல் போட்டிருக்கிறேன்.

அந்தத் தப்பிலிருந்துதான் இந்தப் படிப்பு தொடங்கியது. அடுத்த வருசம் ஜூன் மாதம் மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகருக்குப் போயிருந்தேன். அது சொனோரன் பாலைவனத்தின் நடுவில் இருக்கும் ஊர். இரண்டு மாதம் கள்ளிகளைப் பார்ப்பதும், அவற்றைப் பற்றிப் படிப்பதுமே வேலையாக இருந்தது. டூசானில் வருசத்துக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை. எங்கள் காங்கேயம் பக்கம் நல்ல வருசத்தில் அதைப்போல இரண்டு மடங்கு பெய்யும். அந்த 300-ல் அங்கே ஒரு காடே நிற்கிறது; இந்த 600-ல் நாம் மூன்றாவது போர்வெல்லுக்கு ஆள் தேடுகிறோம். இந்த முரண்பாடு என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில், எது கள்ளி?

நாம் கள்ளி என்று சொல்வதெல்லாம் ஒரே குடும்பம் இல்லை. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி மூன்றும் ஆமணக்குக் குடும்பம். ஒடித்தால் பால் வரும். ஆடு மேய்ப்பவர்கள் பறித்துத் தின்னும் கள்ளிமுளையான் எருக்கஞ்செடியின் உறவு. வெளிநாட்டார் 'காக்டஸ்' என்பது வேறு குடும்பம். அதில் முள் கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், அதுதான் அடையாளம். சப்பாத்திக்கள்ளியில் பார்த்தால் தெரியும்.

அந்தக் குடும்பத்தில் 1,500-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டும் சொந்தம். ஒரே ஒரு இனம், மரக்கிளைகளில் தொங்கி வளரும் ரிப்சாலிஸ், ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கிறது. நம் சதுரக்கள்ளியும் அமெரிக்கக் கள்ளியும் உறவே இல்லாமல் ஒரே உருவத்துக்கு வந்தவை. தண்ணீர்த் தட்டுப்பாடு என்ற ஒரே வாத்தியாரிடம் இரண்டும் தனித்தனியாகப் படித்திருக்கின்றன.

வரவு: மழை வந்ததும் பிடிப்பது

சொனோரன் பாலைவனத்தின் ராஜா சாகுவாரோ. 12 மீட்டருக்கு மேல் தூண் மாதிரி உயர்ந்து, கைகளைத் தூக்கி நிற்கும். 150 முதல் 200 வருசம் வரை வாழும். இவ்வளவு பெரிய உருவத்துக்கு வேர் ஆழமாகப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். நடுவில் ஒரு ஆணிவேர் கொஞ்சம் இறங்குகிறது. மற்ற வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. செடி எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் நான்கு பக்கமும் பரவுகிறது.

காரணம், பாலைவன மழை ஆழமாக இறங்காது. ஒரு சாரல், அரை மணி நேரம், அடுத்த நாள் வெயிலில் காய்ந்துவிடும். அந்த ஈரம் மேல்மண்ணில் இருக்கும்போதே குடித்தாக வேண்டும். மழை விழுந்து ஒரு நாளுக்குள் புதிதாக மெல்லிய வேர்களை விடும் கள்ளிகள் உண்டு. இவற்றுக்கு 'மழைவேர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மண் காய்ந்ததும் அந்த வேர்கள் உதிர்ந்துவிடும்.

இதைவிட என்னை வியக்க வைத்தது அடுத்த வேலை. மண் காய்ந்தால், செடிக்குள் இருக்கும் தண்ணீரை மண் திரும்ப இழுத்துக்கொள்ளலாம் அல்லவா? அதைத் தடுக்கக் கள்ளியின் வேர் கொஞ்சம் சுருங்கி, மண்ணுக்கும் தனக்கும் நடுவில் ஒரு காற்று இடைவெளி விடுகிறது. வேரின் மேல்தோலும் தக்கை மாதிரி ஆகிவிடுகிறது. மழை வரும்போது கதவு திறப்பு, மழை போனதும் கதவு சாத்தல்.

இருப்பு: சேர்த்து வைப்பது

சாகுவாரோவின் தண்டு மேலிருந்து கீழ்வரை மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் ஏற ஏற மடிப்பு விரியும், கோடையில் சுருங்கும். தோல் கிழிவதில்லை. நன்றாகத் தண்ணீர் குடித்த பெரிய சாகுவாரோ 2 டன் எடைகூட இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சேமிப்பை எல்லாரும் வெளியே காட்டிக்கொள்வதில்லை. அதே பாலைவனத்தில் 'இரவு ராணி' என்று ஒரு கள்ளி இருக்கிறது. அறிவியல் பெயர் பெனியோசீரியஸ் கிரெக்கி. ஒரு வேலமரப் புதரின் அடியில் எனக்குக் காட்டினார்கள். காய்ந்த குச்சி என்று மிதித்துவிட்டுப் போகப் பார்த்தேன். அடியில் மரவள்ளி மாதிரி கிழங்கு இருக்கிறது. சாதாரணமாகச் சில கிலோ. அபூர்வமாக 40 கிலோ வரைகூட இருக்குமாம். கோடையில் ஓர் இரவு மட்டும் வெள்ளையாகப் பெரிய பூ விரிந்து, வாசம் தூரத்துக்கு அடித்து, காலையில் வாடிவிடும். ஒரு வட்டாரத்துச் செடிகள் பலவும் ஒரே இரவில் பூக்கின்றன. அப்போதுதான் அந்துப்பூச்சிகள் செடிக்குச் செடி போய் மகரந்தம் சேர்க்க முடியும்.

மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் பரவிய சிவாவா பாலைவனத்தில் 'உயிருள்ள கல்' என்று ஒன்று. பெயர் அரியோகார்ப்பஸ். முள்ளே கிடையாது. வெடித்த சுண்ணாம்புக் கல் மாதிரி தரையோடு தரையாகக் கிடக்கும். வறட்சி கூடினால் இதன் வேர் சுருங்கி, செடியையே மண்ணுக்குள் இழுத்துக்கொள்கிறது. மேலே தெரியும் பரப்பு குறைகிறது, சூடும் குறைகிறது.

செலவு: பகலில் கடையடைப்பு

எந்தச் செடியும் உணவு செய்ய இலைத்துளையைத் திறந்து கரியமிலவாயுவை வாங்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகப் போகும். நெல்லும் கடலையும் பகல் வெயிலில் திறந்து வைக்கின்றன. கள்ளி ராத்திரியில் திறக்கிறது. குளிர்ந்த காற்றில் கரியமிலவாயுவை வாங்கி, ஒரு புளிப்பு அமிலமாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் துளையை மூடிவிட்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்து, வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. இதற்குக் 'கேம்' ஒளிச்சேர்க்கை என்று பெயர்.

இதன் ரகசியத்தை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் நம் மண்ணோடு தொடர்புள்ளவர். தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன். ஒரு செடியின் இலை காலையில் புளிக்கிறது, மதியம் ருசியில்லை, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய குறிப்பு 1815-ல் லண்டனில் அச்சானது. அந்தச் செடி நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ரணகள்ளி! அமெரிக்கக் கள்ளிக் குடும்பம் இல்லை, ஆனால் அதே ராத்திரி வேலை. நீங்களும் சோதிக்கலாம். விடியற்காலையில் ஒரு துண்டைக் கடித்து, நாக்கில் வைத்துவிட்டுத் துப்பிவிடுங்கள். மாலையில் இன்னொரு துண்டு. விழுங்க வேண்டாம், ஆடு மாடுக்கும் போட வேண்டாம், அதில் நஞ்சு உண்டு.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் கரியமிலவாயுவைப் பிடிக்க நெல், கடலை வகைச் செடிகள் 400 முதல் 500 கிராம் தண்ணீரை ஆவியாக விடுகின்றன. கம்பு, சோளம், கரும்பு வகை 250 முதல் 300 கிராம். கள்ளி 50 முதல் 100 கிராம்.

ஆனால் இலவசம் எதுவும் இல்லை. இரவில் சேர்த்து வைக்க முடிந்த அளவுதான் பகலில் வேலை நடக்கும். அதனால் பெரும்பாலான கள்ளிகளின் வளர்ச்சி நிதானம். சாகுவாரோ பத்து வருசத்தில் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். முதல் கை முளைக்க 50 முதல் 75 வருசம் ஆகிறது.

இன்னொன்று, ராத்திரி குளிர வேண்டும். 2023 ஜூலையில் பீனிக்ஸ் நகரில் 31 நாள் தொடர்ந்து 43 டிகிரியைத் தாண்டியது. பல இரவுகளில் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. அந்தக் கோடையில் நகரத்துச் சாகுவாரோக்கள் கை உதிர்ந்தும், அடியோடு சரிந்தும் விழுந்தன. பகல் வெயிலைத் தாங்கும் செடிகள் ராத்திரிப் புழுக்கத்தில் தோற்றன. பாலைவனச் செடிக்கே இந்தக் கதி என்றால், வெயில் தாங்கும் ரகம் என்று விளம்பரம் பார்த்து எதையும் வாங்கும் நாம் யோசிக்க வேண்டும்.

இடத்துக்கு ஏற்ற பிழைப்பு

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், கடலோர மணல்வெளியில் 'ஊரும் பிசாசு' என்று ஒரு கள்ளி. ஸ்டெனோசீரியஸ் எரூகா. நிமிர்ந்து நிற்காமல் மணலில் படுத்து, முன்பக்கம் வளர்ந்துகொண்டே போகும். வயிற்றுப் பக்கத்தில் வேர் விடும். பின்பக்கம் காய்ந்து மக்கும். நம் சர்க்கரைவள்ளிக் கொடி கணுவுக்குக் கணு வேர் விடுவதைப் போலத்தான்; ஆனால் இது பழைய இடத்தை விட்டே போய்விடுகிறது.

சிலி நாட்டின் அட்டகாமா கடற்கரைப் பாலைவனத்தில் மழையை எண்ணிப் பயனில்லை. பல வருசம் சொட்டுகூட விழாத இடங்கள் உண்டு. அங்கே கடலிலிருந்து வரும் மூடுபனியை நம்பி வாழ்கிறது கோப்பியப்போவா. வெயிலைத் திருப்பி அனுப்ப உடம்பு முழுக்கச் சாம்பல் வெள்ளை மெழுகு. அதில் ஒரு வகை, கூட்டம் கூட்டமாக வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அங்கே சூரியன் வடக்கில் இருப்பதால், தலை மட்டும் வெயிலைப் பார்க்கும், பக்கவாட்டு உடம்புக்கு உச்சி வெயில் குறையும்.

கள்ளி என்றாலே பாலைவனம் என்பதும் இல்லை. நம்மூரில் இப்போது பரவும் டிராகன் பழமும் காக்டஸ்தான். ஆனால் அது மத்திய அமெரிக்கப் பக்கத்துக் காடுகளில் மரத்தைப் பற்றி நிழலில் ஏறும் கொடி. பாலைவனச் செடி, தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி யாராவது விற்றால் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் தண்டு மஞ்சளாகி வெந்துபோகும். நிழல்வலையோ மரநிழலோ, அளவான தண்ணீரோ இல்லாமல் சரிப்படாது.

துணை மரம்

சாகுவாரோவின் ஒரு பழத்தில் சுமார் 2,000 விதை. வெட்டவெளியில் விழுந்தவை முளைத்தாலும் வெயிலிலோ, பனியிலோ, எலி வாயிலோ போய்விடும். பிழைப்பது பெரும்பாலும் பாலோ வெர்டி, மெஸ்கீட் மாதிரி மரங்களின் நிழலில் விழுந்ததுதான். மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். இதைச் 'செவிலித் தாவரம்' என்கிறார்கள். அந்த மரத்தடியில் நிழல், சருகு, கொஞ்சம் சத்து.

அந்த மண்ணின் மக்களான டோஹோனோ ஓஒதாம் பழங்குடியினருக்குச் சாகுவாரோ பழ அறுவடையோடுதான் புது வருசம் பிறக்கிறது. காய்ந்த சாகுவாரோவின் விலா எலும்பு போன்ற குச்சிகளை இணைத்துக் கட்டிய நீளத் தொரட்டியால் ஜூன் கடைசியில் பழம் பறித்து, பாகு காய்ச்சி, அதைப் புளிக்க வைத்து மழையை அழைக்கும் சடங்கு செய்கிறார்கள். கோடை மழை அதற்குப் பிறகுதான் வரும். நான் இருந்தபோது முதல் மழை விழுந்த மண்வாசம் நம்மூர் வாசம் இல்லை. அங்குள்ள கிரியோசோட் புதரின் வாசம் அது. ஆனால் மழையைப் பார்த்து வாசலுக்கு ஓடி வந்தவர்கள் முகம் நம்மூர் முகம்தான்.

நம்மூருக்கு வந்த கள்ளியின் கதை

சப்பாத்திக்கள்ளி தானாக வந்ததில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கொச்சினீல் என்ற செஞ்சாயப் பூச்சியை வளர்க்கக் கம்பெனி ஆட்சி விரும்பியது. அந்தப் பூச்சி இந்தக் கள்ளியில்தான் வாழும். மதராஸில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் முயற்சியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795-ல் வந்த பூச்சி தரமான சாயம் தரவில்லை; ஆனால் ஒரு வகைக் கள்ளியை நன்றாகத் தின்று அழித்தது. ஒரு பூச்சியைக் கொண்டு களையை அடக்கிய உலகின் முதல் பாடங்களில் ஒன்று நம் தென்னிந்தியாவில்தான் நடந்தது.

பிறகு வேறொரு முள்கள்ளி ஊர் ஊராகப் பரவி மேய்ச்சல் நிலத்தை அடைத்தது. 1926-ல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் இனம் கொண்டுவரப்பட்டு, சில வருசத்தில் அதுவும் அடங்கியது. மருந்தடிக்காமல் கிடைத்த வெற்றி. ஆனால் அந்தப் பூச்சி இன்னும் நம் மண்ணில் இருக்கிறது. என் இரண்டாவது நடவில் அது எனக்கே வந்து சேர்ந்தது.

இரண்டாவது நடவு

2023 தை மாதம், மீந்த செடிகளிலிருந்து 60 மட்டை வெட்டினேன். இந்தத் தடவை செய்தது இதுதான்:

வெட்டிய மட்டையை உடனே நடவில்லை. நிழலில் மூன்று வாரம் போட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நட்டேன்.

கரிசலை விட்டுவிட்டுச் சரளைச் சரிவில், மேடாக மண் அணைத்து, மட்டையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மண்ணுக்குள் போகும்படி வைத்தேன்.

ஒரு மாதம் தண்ணீர் காட்டவில்லை. பிறகு கோடையில் 15 நாளைக்கு ஒரு குடம்.

57 மட்டை துளிர்த்தது. அடுத்த ஆனியில் சில மட்டைகளில் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கினேன். விரல் ரத்தச் சிவப்பானது. கொச்சினீல்! அதிகம் பிடித்த மட்டைகளை வெட்டி எரித்தேன். மற்றவற்றைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புக் கரைசலால் கழுவினேன். வாரம் ஒருமுறை பார்த்தால் அடங்குகிறது. ஒரு மாதம் விட்டால் வரிசையே போய்விடும்.

2025 சித்திரையில் ஆடுகளுக்குக் கொடுத்தேன். மட்டையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், புரதம் மிகக் குறைவு. தனியாகப் போட்டால் கழிச்சல் வரும். துண்டு துண்டாக நறுக்கி, சோளத்தட்டோடும் கடலைக்கொடியோடும் கலந்து, முதல் வாரம் கையளவு, பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். முள்ளில்லா ரகத்திலும் கண்ணுக்குத் தெரியாத பூனைமுள் இருக்கும், கையுறை போடுங்கள். ஐம்பது செடி பதினொரு ஆட்டைக் காப்பாற்றாது. தண்ணீர்த் தொட்டிக்கு வேலை குறைந்தது, தட்டு கொஞ்சம் மிச்சமானது. அவ்வளவுதான்; அதற்கு மேல் சொன்னால் பொய்.

எடுத்துக்கொள்ள வேண்டியது செடியை அல்ல, முறையை

அங்கே கற்றதில் எனக்கு அதிகம் பயன்பட்டது கள்ளி இல்லாத இடத்தில்தான். மூன்றாவது போர்வெல்லுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில் ஒரு பண்ணைக்குட்டையும், சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவப் பாத்திகளும் வெட்டினேன். முதல் கோடை மழை இப்போது வேலி தாண்டுவதில்லை. மழை நின்றதும் மூடாக்கு. வேர் கதவைச் சாத்துவது போல. நெல்லி, நாவல் கன்றுகளை வெட்டவெளியில் வைப்பதை விட்டுவிட்டு, கொறங்காட்டு வெள்வேல மரங்களின் கிழக்குப் பக்கம் நட்டேன்; பிற்பகல் வெயில் படாது. போன கோடையில் வெட்டவெளிக் கன்றுகளில் பாதி காய்ந்தது, மரத்தடிக் கன்று ஒன்றுதான் போனது. கிணற்றுப் பக்கம் ஒரு ஏக்கரில் மஞ்சளை நிறுத்திவிட்டுக் கம்பும் கொள்ளும் போட்டிருக்கிறேன். வருமானம் குறைவுதான். ஆனால் இருப்புக்குத் தகுந்த செலவு.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். அழகுக்காகக் கள்ளி வாங்குகிறவர்கள் நாற்றங்காலில் விதையிலோ துண்டிலோ வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். உலகக் கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக 2015-ல் கணக்கெடுத்தார்கள். காட்டிலிருந்து பிடுங்கி விற்பதும் அதற்கொரு காரணம். இத்தாலியில் 2020-ல் ஒரே வீட்டில் பிடிபட்ட கோப்பியப்போவா முதலான கள்ளிகள் ஆயிரத்துக்கு மேல். அதேபோல, முள் உள்ள சப்பாத்திக்கள்ளியைத் தீவனம் என்று சொல்லி ஓடை ஓரத்தில் நட்டுவிடாதீர்கள். நம் தாத்தாக்கள் பட்ட பாடு போதும்.

முள்ளில்லா ரகம் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பத்து மட்டையில் தொடங்குங்கள். தை மாதம், சரளை மண், காய்ந்த வெட்டுவாய். சொட்டுநீர்க் குழாயை மட்டும் அந்தப் பக்கம் இழுக்காதீர்கள்.